புதன்கிழமை நான்கு மணிக்கு ஒரு அறை வேண்டும்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நான் வரலாற்றுத் துறையில் நான்காம் ஆண்டு முழுநேர பிஎச்.டி. ஆய்வாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், மற்றவர்கள் ‘அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை’ என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. எழுத்து வேலை கிடந்தது என்பது ஒரு காரணம். ‘எப்பம்மா முடிப்பே?’ என்று கேட்கும் சித்தப்பாக்கள் இன்னொரு காரணம். விடுதி மெஸ் மூடியிருந்ததால் பிரெட்டும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா போன் செய்து, “என்ன குரல் இப்படி இருக்கு, சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். சளியெல்லாம் இல்லை. அன்று காலையிலிருந்து நான் வாய் திறந்ததே அப்போதுதான்.

எம்.ஏ.வில் முப்பது பேர் ஒரே வகுப்பில் இருந்தோம். சண்டை போடக்கூட ஆள் இருந்தது. பிஎச்.டி.யில் கோர்ஸ் ஒர்க் என்னும் தொடக்க வகுப்புகள் முடிந்த மறுநாளே ஆளுக்கொரு திசை. நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு, இன்னொருவர் களப்பணிக்கு. பகுதிநேர ஆய்வாளர்களோ கையெழுத்து வாங்க மட்டும் வருவார்கள். ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைக் குறை சொல்ல மாட்டேன். கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு தரும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்புகளுக்கும் தேர்வுப் பணிக்கும் நடுவே அவர் மதியச் சாப்பாடு சாப்பிடுவதே பெரிய விஷயம்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகளின்படி பிஎச்.டி. படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. ஆய்வு ஆலோசனைக் குழு முன்பு செமஸ்டருக்கு ஒருமுறை நின்று, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அதாவது, ‘என்ன செய்கிறாய்?’ என்று ஒருவர் கட்டாயமாகக் கேட்க வேண்டிய நாட்கள் வருடத்துக்கு இரண்டு. மீதி நாட்களில் கேட்பது அவரவர் நல்ல மனசு.

மாணவர் 100 பேருக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் ஒரு மனநல ஆலோசகராவது வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது, உடனே போடுங்கள். ஆனால் அந்தப் பொங்கலில் ஆலோசகர் பக்கத்து அறையில் இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்கு வியாதி இல்லையே, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள்தானே இல்லை!

என்னை மீட்டது பின்வாசல் டீக்கடை. வேதியியல் துறை அக்கா ஒருவர், தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த என்னிடம் தானாக வந்து பேசினார். அப்புறம் புதன்தோறும் நான்கு மணிக்கு என்று ஆனது. இப்போது வேறு வேறு துறைகளிலிருந்து ஆறு பேர் வருகிறோம். அந்த வாரம் என்ன வேலை நடந்தது, எது ஊற்றிக்கொண்டது என்று ஆளுக்கு ஐந்து நிமிடம். ‘எப்போது முடிப்பாய்’ என்று கேட்பவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது, வரலாறே படிக்காத அந்த வேதியியல் அக்காதான்.

சிக்கல் என்னவென்றால், பெண்கள் விடுதி கேட் ஆறரைக்கு மூடிவிடும். பேச்சு சூடு பிடிக்கும்போது எழுந்து ஓடுகிறோம். அதனால் வளாகத்துக்குள் ஒரு அறை கேட்கிறோம். பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். விடுமுறையில் ஒரு வேளையாவது மெஸ் நடக்கட்டும். ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் மற்ற ஆய்வாளர்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எதைப் பற்றி ஆராய்கிறார் என்றாவது தெரியவரும்.

அறை கிடைக்கும்வரை டீக்கடையில்தான் இருப்போம். உங்களில் யாராவது வந்தால் ஒரு ஸ்டூல் இழுத்துப் போடுகிறோம். டீக்காசு மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள், எங்களில் இரண்டு பேருக்கு இன்னும் பெல்லோஷிப் பணம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு முழுநேர ஆய்வாளர்