புதுச்சேரி குருசுக்குப்பம் மொட்டை மாடிக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் படம் ஓட உதவிய எல்லோருக்கும் வணக்கம். அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். படம் முடிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, பேச்சு வரவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மழையில் நான் ஓட்டிப்போன வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்குக் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு 5 வாரம், இரண்டாவது மாடியில் ஒரே அறை. 16 வயதுப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

முதல் நன்றி கீழ்வீட்டு மதாமுக்கு. பிரான்சில் இருக்கும் உங்கள் மகள் விட்டுப்போன புத்தகத்தை எடுத்து வந்தீர்கள். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல், 2005-ல் வந்தது. பிரெஞ்சில் அதன் பெயர் 'ஃபாசினாசியோன்'. இவள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள் என்று, மூட்டுவலியோடு தினமும் சாயங்காலம் படியேறி வந்து தெரியாத வார்த்தைக்கெல்லாம் பொருள் சொன்னீர்கள். இரண்டாவது வாரமே அவள் உங்கள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரத்தம் குடிக்கிற பையன் எட்வர்டுக்கும் பள்ளிக்கூடப் பெண் பெல்லாவுக்கும் காதல் என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடமே சொன்னேன். "நீயும் பாரும்மா, அப்புறம் சொல்லு" என்று படத்தின் டிவிடியைக் கையில் கொடுத்தீர்கள். கேத்தரின் ஹார்ட்விக் இயக்கி 2008-ல் வந்த படம்.

கல்யாண வீடியோ எடுக்கும் எதிர்வீட்டுத் தம்பி புரொஜெக்டர் கொண்டுவந்தார். பந்தல்காரர் வெள்ளைத் துணி கொடுத்துவிட்டு வாடகை வேண்டாம் என்றார். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு படியில்கூடக் கால் இடிக்கவில்லை. மேலே வந்தவள் திரையைப் பார்க்கவில்லை, முதலில் கடலைத்தான் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணே, இரண்டு மணி நேரமும் வசனத்தையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாயே, உனக்கு என்ன சொல்ல! கதை நடக்கிற ஃபோர்க்ஸ் அமெரிக்காவில் ஓயாமல் மழை பெய்கிற ஊர், வெயில் பட்டால் இந்த ரத்தம் குடிக்கிறவர்களுடைய தோல் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் மேகம் மூடிய ஊராகப் பார்த்துக் குடியிருக்கிறார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் படம் முழுக்க இருந்த அந்த நீல இருட்டு எனக்குப் புரிந்தது. எட்வர்ட் குடும்பம் மனுஷ ரத்தம் தொடாது, மிருக ரத்தம்தான் என்றாய். உடனே ஆயா, "நம்ம காட்டேரிக்கும் கோழிதானே படைக்கிறோம்" என்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார். இடி இடிக்கும்போது மட்டும் அவர்கள் பந்து விளையாடுகிற காட்சியைத் தெருப் பையன்களுக்காக மறுபடி ஓடவிட்டோம். கடல்காற்றில் துணி உப்பி அடங்க, அந்த ஊர் மரங்களும் கூடவே அசைந்தன.

மதாம், இப்போது சொல்கிறேன். ஆசைப்பட்ட பெண்ணுக்குத் தன்னாலேயே கெடுதல் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து விலகி நிற்கிற பையன் அவன். அவனைப் பார்த்து என் பிள்ளை கெட்டுப்போக மாட்டாள்.

ஆனால் என் மனசில் ஒட்டிக்கொண்டது பெல்லாவின் அப்பாதான். ஊர் போலீஸ் அதிகாரி, மகளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஒரு நாள் அவளிடம், வண்டிக்குப் புது டயர் போட்டிருக்கிறேன் என்கிறார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. விபத்துக்கு மறுநாள் என் வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு டயரையும் மாற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். என்மேல் கோபம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த இருட்டில் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் இந்த மடலில் நன்றி.

கடைசியில் பெல்லாவுக்கும் கால் உடைகிறது. கட்டோடுதான் பள்ளி நடன விழாவுக்குப் போகிறாள். மகள் இதை நாவலிலேயே படித்திருந்தும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் காட்சி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, என் கையை எடுத்துத் தன் மாவுக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து அதைத் தொட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பந்தல்கார அண்ணே, துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா? இரண்டாம் பாகமும் மதாமிடம் இருக்கிறதாம். கட்டுப் பிரித்த பிறகு ஒரு சனிக்கிழமை எல்லோரும் மறுபடி வர வேண்டும். நாற்காலி வேண்டாமாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறி வந்துவிடுவாளாம்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி வீட்டு அம்மா