அக்டோபர் 2 கிராம சபை: மின்கட்டணம் பற்றிப் பேசுவோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் கிராம சபையில் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்கப்போகிறோம். அதற்கு முன் ஓடந்துறையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் அருகிலுள்ள அந்த ஊராட்சி, 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. ஊராட்சியின் சேமிப்புடன் வங்கிக் கடனும் சேர்ந்தது. காற்றாலை நிற்பது அந்த ஊரில் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் ஊராட்சியின் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது காற்றாலை அல்ல, ஊரே சேர்ந்து கணக்குப் பார்த்ததுதான். அதற்கு முன்பே மரக்கழிவை எரிவாயுவாக்கிக் குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள்.

நமக்கு உடனே காற்றாலை வேண்டாம். முதலில் மோட்டாருக்குச் சூரிய மின்தகடு அமைக்க முடியுமா என்று ஆராயத் தீர்மானம் கொண்டுவருவோம். ஓராண்டு மின்கட்டண விவரத்தையும் சபையில் கேட்போம். குழாயடியில் காத்திருக்கும் பெண்கள் கட்டாயம் வந்து பேச வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் அன்று விடுமுறைதான், வந்துவிடுங்கள். தீர்மான வாசகத்தில் திருத்தம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.