லாக் நெஸ் விமானத்தின் கதை சொல்வோருக்கு

தமிழில் வியப்புச் செய்திகள் எழுதுவோருக்கும் காணொளியில் கதை சொல்வோருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி என்றால் முதலில், அதில் வாழ்வதாகச் சொல்லப்படும் பூத விலங்கு நெஸ்ஸி வந்துவிடும். அதற்கு அடுத்து நீங்கள் விரும்பிச் சொல்வது 1976இல் நடந்தது: அந்த விலங்கைத் தேடிப் போன அமெரிக்கர்களின் சோனார் என்ற ஒலியலைக் கருவியில் போர்க்கால விமானம் ஒன்று தட்டுப்பட்டது. பூதத்தைத் தேடினார்கள், விமானம் கிடைத்தது என்று சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள். கதை சுவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒருவர் உயிரை விட்டிருக்கிறார்.

அது என்2980 எண் கொண்ட வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் ஹெலிகோலாந்து தீவு அருகே ஜெர்மானியப் போர் விமானங்களிடம் சிக்கிய வெலிங்டன்களில் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை. இது திரும்பியது. பிறகு ஸ்காட்லாந்தின் லாஸிமவுத் விமானத் தளத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி தர ஒதுக்கினார்கள்.

1940 டிசம்பர் 31. எட்டுப் பேருடன் பறந்தபோது மோனாலியா மலைகளுக்கு மேலே பனிப்பொழிவு; வலப்பக்க என்ஜின் நின்றுபோனது. விமானம் இறங்கிக்கொண்டே போக, குதிக்கச் சொல்லி உத்தரவானது. ஆறு பேர் குதித்தார்கள். ஐவர் பிழைத்தார்கள். வால் துப்பாக்கி வீரர் சார்ஜண்ட் ஃபென்சமை மட்டும் பாராசூட் காப்பாற்றவில்லை. அவர்கள் குதித்த பிறகுதான் மேகம் விலகித் தண்ணீர் தெரிந்தது. விமானி மார்வுட்-எல்டன் ஏரியில் இறக்கினார். அவரும் துணை விமானியும் ரப்பர் படகில் கரையேறி, வழியில் வந்த லாரியில் இன்வர்னஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

குதிக்காமல் இருந்திருந்தால் ஃபென்சமும் பிழைத்திருப்பாரோ என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. மேகத்துக்குள் இருப்பவனுக்குக் கீழே இருப்பது ஏரியா மலையா என்று எப்படித் தெரியும்? அந்த உத்தரவில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சியில் நடந்ததுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் மாண்ட விமானப் படையினர் 55,573 பேர். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்துகளிலும் போனவர்கள். போர்முனையில் உழைத்துத் தேய்ந்த விமானங்கள், பழகாத கைகள், குளிர்கால மலை வானிலை. இவற்றுக்கு நடுவே எதிரி எதற்கு?

1985 செப்டம்பரில் விமானத்தை மேலே தூக்கினார்கள். 45 ஆண்டு தண்ணீரில் கிடந்தும், புதிய பேட்டரியில் இணைத்ததும் வால் விளக்குகள் எரிந்தனவாம். குழுவினரின் சொந்தப் பொருள்களும் உள்ளே இருந்தன. இன்று அது பிறந்த இடமான இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸில், அருங்காட்சியகத்தில் நிற்கிறது. துணிப் போர்வை போய்விட்டதால், கூடை முடைந்தது போன்ற அதன் உலோகச் சட்டகம் கண்ணுக்குத் தெரிகிறது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸின் வடிவமைப்பு; அதைப் பற்றியே தனிக் காணொளி போடலாம்.

நெஸ்ஸியை விடச் சொல்லவில்லை. அடுத்த முறை இந்தக் கதையைச் சொல்லும்போது ஃபென்சமின் பெயரையும் ஒரு வரியில் சேருங்கள். எதிரி சுட்டு வீழ்த்திய விமானம் என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்