ஒழுகும் டிபன் கேரியர்: நான்காவது முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மூன்றடுக்கு டிபன் கேரியர்தான், நீல வாசர் போட்டது. அந்த வாசரின் சங்கதி எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் மகனுக்கு செலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை எதுவும் ஆகாது. மருந்தால் மாறாது, ஆயுள் முழுக்கச் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான். கடைப் பெருங்காயத் தூளில்கூடக் கோதுமை மா கலந்திருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன். விடிய நாலரைக்கு எழும்பி அவனுக்கு அரிசிமா இடியப்பமும் கிழங்குப் பிரட்டலும், நீரிழிவுள்ள என் கணவருக்கு ஆட்டா ரொட்டியும் பருப்புக் கறியும் கட்டுகிறேன். அவர் மகன் படிக்கும் பாடசாலையிலேயே ஆசிரியர். ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே இறுகும், சொட்டும் கசியாது என்று பெட்டியில் அச்சடித்திருந்தீர்களே, அதை நம்பித்தான் இரண்டு வாங்க இருந்தவள் ஒன்றோடு நின்றேன்.

இரண்டாம் கிழமையே மேலடுக்குப் பருப்பு கீழே இறங்கிவிட்டது. இடியப்பத்தின் ஓரமெல்லாம் மஞ்சள், அதில் ஊறிய ரொட்டித் துணுக்கு. பசியில் பிள்ளை கவனிக்கவில்லை. மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அத்தனை நாள் படிப்பும் பாழ். (அவனுடையதை ஏன் கீழே வைத்தாய் என்று கேட்காதீர்கள். கீழடுக்குத்தான் பெரியது, வளரும் பிள்ளை.)

கண்டிக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தோட்டத்து ஆக்கள் மூன்று வேளையும் ரொட்டிதானே சாப்பிடுறீங்க, உங்களுக்கு எப்படிக் கோதுமை ஒத்துக்காமப் போகும்?" என்று சிரித்தார். வரிசையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பி வந்த பஸ்ஸிலும் அந்தச் சிரிப்புத்தான் காதுக்குள்.

சொல்ல மறந்தேன். அதற்கு முன் தொலைபேசியில் ஓர் அம்மா வாசரைச் சுடுதண்ணீரில் போடச் சொன்னார். போட்டேன், இன்னும் தொளதொளத்துவிட்டது. அடுத்த தடவை எடுத்தவர் "அப்படி யார் சொன்னது?" என்று என்னையே கேட்டார்.

நான் சண்டைக்காரி அல்ல ஐயா. புதிய கேரியர் தாருங்கள், இல்லையேல் 7,850 ரூபாயையும் பஸ் காசையும் தாருங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, மஞ்சளான இடியப்பத்தின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. காசைவிட முக்கியம், அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து கவனியுங்கள்.

பரிசோதனைக்கென்று அந்தக் கவுண்டர் தம்பி எடுத்துவைத்த நடு அடுக்கையும் அனுப்பிவையுங்கள். துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. அடியில் என் மகனின் பெயர் கொத்தியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்