அந்த இரண்டு வரி வசனத்தைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கு வந்திருக்கும் அந்தச் சின்ன வேடத்தைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "ரெண்டே வரி வசனம்மா, அதையும் நம்ம ஊர் ஆளுங்க பேசுற மாதிரி இழுத்துப் பேசணுமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குத் தெரியாதா உன் சிரிப்பு? உடனே பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பார்க்கச் சொன்ன 'டீடீ' படத்தைப் போன வாரம் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வளரும் தைவான் குடும்பத்துப் பையனின் கதைதான், ஆனால் நான் பார்த்தது முழுக்க அவன் அம்மாவைத்தான். மாமியாரின் பேச்சையும் பிள்ளைகளின் எரிச்சலையும் தாங்கிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காத ஓவியங்களை வரைந்துகொண்டே இருக்கிறாளே, அவளை. நடித்தவர் ஜோன் சென் என்று தெரிந்ததும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க உன் ஞாபகம்தான்.

அவர் 1961இல் ஷாங்காயில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். 'சின்னப் பூ' என்று பொருள்படும் படத்தில் நடித்து, 1980இல் சீனாவின் நூறு மலர்கள் திரைப்பட விருதில் சிறந்த நடிகை ஆனார். அப்போது வயது பத்தொன்பதுகூட ஆகியிருக்குமோ என்னவோ, சீனா முழுக்க அந்த முகத்தைத் தெரியாத ஆள் கிடையாது. அடுத்த வருடமே அதையெல்லாம் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டார். யோசித்துப் பார், நீ போனபோது உன்னை நம் தெருவுக்குத்தான் தெரியும், அவரை ஒரு தேசத்துக்கே தெரியும். இறங்கின இடத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான், யாரோ ஒரு பெண்.

1986இல் 'தாய்-பான்' வந்தது. வெள்ளைக்கார வணிகரின் ஆசைநாயகி வேடம். அதற்காகச் சொந்த நாட்டிலேயே திட்டு வாங்கினார். ஊரை விட்டுப் போன பெண்ணை அங்கேயும் இங்கேயும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள் பாப்பா, உன்னையும் ஒருநாள் இழுப்பார்கள், அதற்கு இப்போதே தயாராக இரு. மறு வருடம் 'தி லாஸ்ட் எம்பரர்', அபினுக்கு அடிமையாகி அழியும் மகாராணி வான்ரோங். அந்தப் படத்துக்கு ஒன்பது ஆஸ்கர் கிடைத்தது. சரி, இனிமேல் எல்லாம் தானாக நடக்கும் என்றுதானே நினைப்போம்? நடக்கவில்லை. 'ட்வின் பீக்ஸ்' தொடரில் அவருடைய பாத்திரத்தைக் கடைசியில் ஒரு மர மேசையின் இழுப்பறைக் குமிழுக்குள் அடைத்து முடித்துவிட்டார்கள். இன்னொரு படத்தில் சீனப் பெண்ணான அவரை அலாஸ்காப் பழங்குடிப் பெண்ணாக ஆக்கினார்கள். முகம் கொஞ்சம் ஒத்துப்போனால் போதும் அவர்களுக்கு. 1993இல் 'ஹெவன் அண்ட் எர்த்' படத்தில், முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே, மேக்கப்பில் வயதைக் கூட்டி வியட்நாம் விவசாயத் தாயாக நடித்தார்.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான். அவர்கள் தருகிற வேடத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டுத் தோழி யான் கேலிங்கின் கதையைச் சேர்ந்து திரைக்கதையாக எழுதி, தானே இயக்கினார். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின்போது செங்டூ நகரத்திலிருந்து திபெத்துப் பக்கத்துப் புல்வெளிக்கு அனுப்பப்பட்டு, வீடு திரும்ப வழியே இல்லாமல் சீரழியும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. அரசாங்க அனுமதி இல்லாமல், அந்தக் குளிரிலும் உயரத்திலும் போய் எடுத்துவிட்டு வந்தார். சீனாவில் படத்தைத் தடை செய்தார்கள், அபராதமும் போட்டார்கள். தைவானின் தங்கக் குதிரை திரைப்பட விழாவில் 1998இல் அதற்கு ஏழு விருதுகள். நடிக்க மட்டும் வந்த பெண்ணிடம் இவ்வளவு இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'டீடீ' வந்தது 2024இல், அவருக்கு அறுபதுக்கு மேலே. ஹாலிவுட்டில் கால் வைத்து நாற்பது வருடம் கழித்து அப்படி ஒரு வேடம். பையனோடு கடைசியில் பேசுகிற காட்சியில் நான் அழுதுவிட்டேன், ஒளிக்க ஒன்றுமில்லை. தான் ஆக நினைத்தது ஒன்று, ஆனது ஒன்று, ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! தாங்கமுடியாமல் படத்தை நிறுத்திவிட்டு உன் அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏர்போர்ட்டில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ரெண்டு வருஷம் பாரு, ஒண்ணும் ஆகலன்னா வந்துடு." அந்தக் கெடு அடுத்த மாதத்தோடு முடிகிறது என்று நீயும் எண்ணிக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். போனில் அதைப் பற்றி நீ பேசாமல் தவிர்ப்பதிலேயே தெரிகிறது. அந்தக் கெடுவை நான் வைத்திருக்கவே கூடாது. பயத்தில் வைத்தேன், உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இப்போது எடுத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் "வாடகைக்கு இந்த மாசம் எவ்வளவு குறையுதாம்" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு வரி வேடத்தை ஏற்பதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். உன் வாயால் அந்த உச்சரிப்பைப் பேசப்போவது நீதான், நீயே முடிவெடு. ஆனால் கல்லூரியில் ஒரு கதை எழுத ஆரம்பித்தாயே, பாட்டியும் அந்தப் பூட்டிய வீடும் வருகிற கதை, அது பாதியில் நிற்கிறது. இருக்கிற வரைக்கும் எனக்கு அனுப்பு. மெயிலில் அனுப்பினால் போதும், பக்கத்துத் தெருவில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன், கண்ணாடி மாற்றியிருக்கிறேன், இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா