பத்து லட்சம் கடிதங்களில் எத்தனை வாதங்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வரைவு விதிகள் மீது குவியும் பொதுமக்கள் கருத்துகளைக் கணினியால் தொகுப்பது நல்ல யோசனைதான். லட்சக்கணக்கில் வந்தால் ஆள் வைத்துப் படித்து முடியாது. ஆனால் எவற்றை ‘ஒரே வாதம்’ என்று கணினி சேர்த்துக் கட்டுகிறது என்பதைக் கேட்காமல் அந்தத் தொகுப்பை நம்பக் கூடாது.

2015 டிசம்பரில் இணையதளத்தைப் பொறுத்து வேறுபடும் கட்டணம் பற்றி டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கருத்துக் கேட்டபோது, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து ஒரே வாசகத்தில் லட்சக்கணக்கான பதில்கள் வந்தன. கேட்ட கேள்விகளுக்கு அவை பதில் தரவில்லை என்று டிராய் சொன்னது. 2016 பிப்ரவரி 8-இல் அத்தகைய கட்டணங்களுக்குத் தடை வந்தது. வரிக்கு வரி ஒன்றான நகலைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி ஒத்து, பாதி விலகும் கடிதங்களில்தான் தவறு நடக்கிறது.

தடை கேட்கும் இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது சொல்லும் காரணங்கள்: இலவசத் தளங்களுக்கே மக்கள் போவார்கள், எது இலவசம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும், புதிய சிறு நிறுவனங்கள் நசுங்கும். இரண்டாவது கடிதத்தில் முதல் இரண்டு காரணங்கள் அப்படியே உண்டு. மூன்றாவது மட்டும் வேறு: பயனர்களின் தரவு ஒரே கையில் சேரும். பொதுவானவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் ஜக்கார்டு அளவையின்படி, பொதுவான காரணம் 2, மொத்தம் 4, ஒப்புமை 0.5. முடிவு ஒன்றே என்பதால் அங்கே 1. இரண்டுக்கும் சம எடை கொடுத்தால் 0.75. இத்தனை ஒப்புமை இருந்தால் ஒன்றே என்று மென்பொருள் கொள்ளும் வரம்பு 0.7 என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்; தரவு பற்றிய கவலை சுருக்கத்திலிருந்தே காணாமல் போகும். ஒரு வேளை அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் கடிதமே எழுதியிருப்பார்.

சேர்க்காமல் விட்டாலும் தவறுதான். வாதங்களின் தர்க்கத்தை ஆராய்ந்த பெஸ்னார், ஹன்டர் இருவரும் 2001-இல் தந்த சூத்திரப்படி, ஒரு வாதத்தின் வலிமை என்பது 1-ஐ, எதிர்வாதங்களின் வலிமைக் கூட்டலோடு 1 சேர்த்து வருவதால் வகுப்பது. தலா 1 வலிமையுள்ள இரண்டு எதிர்ப்புகள் வந்தால் அது 1/3 ஆகக் குறையும். அவை ஒரே காரணத்தின் இரு பிரதிகள் என்றால் 1/2-இல் நிற்க வேண்டும். நகல் அனுப்பியே ஒரு நியாயத்தை வீழ்த்தலாம் என்ற நிலை வரக் கூடாது.

ஆகவே கடிதங்களைச் சேர்க்கக் கூடாது, காரணங்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் காரணங்களாகவும் முடிவாகவும் பிரித்துவிட்டு, காரணத்தோடு காரணத்தை ஒப்பிட வேண்டும். ‘அதுவும் இதுவும்’ என்று ஒரே வாக்கியத்தில் வருவதை முதலில் இரண்டாக உடைக்காவிட்டால், அதே இரண்டைத் தனித்தனியாக எழுதியவரோடு ஒப்புமை பூஜ்யம் என்று வந்து நிற்கும்.

தமிழ்க் கடிதங்களில் கூடுதல் கவனம் தேவை. ‘தளம், தளத்தை, தளங்களுக்கு’ மூன்றையும் வெவ்வேறு சொல்லாக எண்ணினால் ஒப்புமை குறைந்து தெரியும். வேர்ச்சொல் பிரித்த பிறகே எண்ண வேண்டும். ‘தடை செய்ய வேண்டும்’, ‘தடை செய்ய வேண்டாம்’ இரண்டிலும் கடைசிச் சொல் மட்டுமே மாறுகிறது. நவீன மொழி மாதிரிகள்கூட (எழுத்துகளைக் கொண்டு பழக்கிய மென்பொருள்கள்) இவற்றை நெருங்கியவையாகக் காட்டக்கூடும், பேசப்படும் பொருள் ஒன்று என்பதால். ஆதரவா எதிர்ப்பா என்பதை முதலில் தனியாகப் பிரித்துவிட்டு, அந்தந்தப் பக்கத்துக்குள் மட்டும் ஒப்புமை பார்ப்பதே பாதுகாப்பு. வரம்பையும் வேறொரு தலைப்பிலிருந்து கடன் வாங்கக் கூடாது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஆங்கில வாதங்களில் பழகிய மொழி மாதிரி, நம் ஊர் நிலச் சட்டத்தில் தடுமாறும். சில நூறு ஜோடிகளை இரண்டு மூன்று பேர் தனித்தனியே மதிப்பிட்டு, அதைக்கொண்டே வரம்பை வைக்க வேண்டும்.

இப்படித் தொகுக்கும் எந்தத் துறையும் அறிக்கையோடு மூன்றை வெளியிட வேண்டும்: பயன்படுத்திய அளவையும் வரம்பும்; ஒவ்வொரு காரணத்தையும் (ஒரே ஒருவர் சொன்னது உட்பட) எத்தனை பேர் சொன்னார்கள் என்ற பட்டியல்; பெயரும் மின்னஞ்சல் முகவரியும் நீக்கிய மூலக் கடிதங்கள்.

இப்படிக்கு,
கணினி மொழியியல் துறை வாசகர்கள்,
கோவை