மிஸஸ் லாண்டிங்ஹாமுக்கு முந்தைய 17 வருடம்

அன்பு மகள் பிரேமாவுக்கு,

கேத்ரின் ஜூஸ்டன் என்ற நடிகை 42 வயதில்தான் நடிக்கவே ஆரம்பித்தார், எனக்கு இன்னும் 41 தானே ஆகிறது, அதனால் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. பெயரே கேள்விப்படாத ஒருவரை வைத்து உன்னோடு எப்படி வாதாடுவது? அப்புறம் நீ சொன்ன தொடர்களை உன் தம்பி டிவியில் எடுத்துத் தந்தான். ஆங்கில சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதியிருப்பதையும் தேடித் தரச் சொல்லி வாசித்தேன். இப்போது என்னிடமும் பேச விஷயம் இருக்கிறது.

முதலில், அவர் ஒரு நர்ஸ். இதை நீ ஏன் சொல்லாமல் விட்டாய் என்று தெரியவில்லை. அதுவும் உன் சிகாகோவிலேயே, மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவில். உன் அம்மா பாதி சர்வீஸ் எந்த வார்டில் ஓட்டினாள் என்று உனக்குத் தெரியும். அதனால் அதற்கப்புறம் நான் அவரை நடிகையாகப் பார்க்கவில்லை, கூட வேலை பார்த்த சிஸ்டரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

1939 டிசம்பரில் பிறந்தவர். கல்யாணம், இரண்டு ஆண் பிள்ளைகள், 1980-ல் விவாகரத்து. 42 வயதில் ஊர்க்காரர்கள் சேர்ந்து போடும் நாடகத்தில் சேர்ந்தார். தன் தாய் ஆசைப்பட்டதையெல்லாம் தள்ளிப் போட்டு, அந்த வருத்தத்தோடேயே இறந்துபோனதைப் பார்த்தவர் அவர். நீ சொன்ன கதை இங்கே ஆரம்பித்து, அமெரிக்க டிவிக்காரர்களுக்குத் தரும் பெரிய விருதான எம்மிக்கு நேராகத் தாவிவிடுகிறது. நடுவில் என்ன நடந்தது?

அடுத்த பத்து வருடம் அவர் பிழைப்புக்குக் கிடைத்த வேலைகளைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். நாடகம் அதற்கு மேலே. 1992-ல், 52 வயதில், ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்து டிஸ்னி பூங்காவில் ஒரு வேலை கிடைத்தது. பழைய ஹாலிவுட் ஆட்களைப்போல வேடம் கட்டிக்கொண்டு, சுற்றிப் பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவே நடந்து, அவர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிக்க வைக்கும் தெருக்கூத்து வேலை. ஆர்லாண்டோ வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை என்று உன் மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வயதில் அதற்கு ஒப்புக்கொண்டாரே, எனக்கு அந்த அம்மாமேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். எம்மியெல்லாம் பிறகு.

1995-ல் ஹாலிவுட்டுக்குப் போனார். அப்போது அவருக்கென்று ஏஜென்ட்கூட இல்லை. சில மாதத்துக்குள் 'ஃபேமிலி மேட்டர்ஸ்' தொடரில் ஒரு சின்ன வேடம். அதற்கப்புறம் ஒவ்வொரு தொடராக ஒரு நாள், இரண்டு நாள் வேலை. பக்கத்து வீட்டு அம்மா, கடைக்கு வந்த பாட்டி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவி. அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் ஒரு பகுதிக்கு ஒரு வாரம், ஒரு மணி நேரத் தொடர் என்றால் ஏறக்குறைய எட்டு வேலை நாள். அதில் துக்கடா வேடக்காரர்களுக்கு ஒரு சீன்தான். போய், வசனம் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மறுபடி ஆடிஷன். 'தி வெஸ்ட் விங்' வந்தது 1999-ல். அவருக்கு அப்போது 59 வயது. 42-லிருந்து 59. நீயே கழித்துப் பார், நான் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

அந்தத் தொடரில் அவர் நடித்த மிஸஸ் லாண்டிங்ஹாமைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள். மார்ட்டின் ஷீன்தான் அமெரிக்க ஜனாதிபதி, இவர் அவருடைய அறை வாசலில் உட்காரும் செயலாளர். மேஜைமேல் பிஸ்கட் ஜாடி. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது அந்த அம்மா இஷ்டம். உலகமே பயப்படும் ஒரு ஆளை அவர் அதட்டுவதைப் பார்த்தாயா? குரலை உயர்த்துவதே இல்லை. கெஞ்சுவதும் இல்லை. மாத்திரையை விழுங்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெரிய மனுஷனிடம் நாங்கள் பேசுகிற குரல் அது. கோபப்பட்டால் அவன் ஜெயித்துவிடுவான், கெஞ்சினாலும் ஜெயித்துவிடுவான். நடிப்புப் பள்ளியில் இதைச் சொல்லித் தருவார்களா என்று எனக்குத் தெரியாது. வார்டில் சொல்லித் தருவார்கள்.

முதல் வருடத்துக் கிறிஸ்துமஸ் பகுதியை இரண்டு தரம் பார்த்தேன். வியட்நாம் போரில் 1970 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தன் இரட்டைப் பிள்ளைகள் இறந்ததை, கூட வேலை பார்க்கும் சின்னப் பையனிடம் சொல்கிறாரே, அது. அழவில்லை. சும்மா பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். வேறு யாராவது நடித்திருந்தால் அங்கே அழுது தீர்த்திருப்பார்கள், பார்த்த நாமும் அழுதுவிட்டு மறந்திருப்போம். சொந்தக்காரர் இறந்து கொஞ்ச காலம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து நம்மிடம் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் மக்களே. அழுகை வேறு எங்கேயோ முடிந்திருக்கும்.

2001 மே மாதம் அந்தப் பாத்திரத்தைக் கார் விபத்தில் கொன்றுவிட்டார்கள். அடுத்த பகுதியில் செத்தபிறகும் வந்து ஜனாதிபதியைத் திட்டிவிட்டுப் போகிறார். நான் கைதட்டினேன், உன் தம்பி சிரித்தான்.

அதே 2001-ல்தான் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். 45 வருடம் சிகரெட் பிடித்தவர். நர்ஸாக இருந்துகொண்டு ஏன் என்று கேட்காதே, எங்கள் டியூட்டி ரூமிலும் டாக்டர்கள் பிடிக்காமலா இருந்தார்கள்? அந்த வருடக் கடைசியில் 'ஸ்க்ரப்ஸ்' தொடரின் ஆரம்பப் பகுதி ஒன்றில் மிஸஸ் டானர் என்று ஒரு நோயாளி. சிறுநீரகம் கெட்டுவிட்டது, டயாலிசிஸ் வேண்டாம், போதும் என்கிறார். புதிதாக வேலைக்கு வந்த சின்ன டாக்டர், சாவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த அம்மா அதில் பெரும்பாலானதைச் செய்து முடித்திருக்கிறார். கடைசியில் சாகப் போகிறவர்தான் டாக்டரைத் தேற்றுகிறார். பாத்திரத்துக்கு வயது 74, ஜூஸ்டனுக்கு அப்போது 61. வயதைக் கூட்டிக் காட்ட அவர் ஒன்றும் செய்த மாதிரித் தெரியவில்லை. அவசரமே இல்லாமல் பேசினார், அவ்வளவுதான். நடித்ததிலேயே எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் இந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன். அவருக்கு விருது வாங்கித் தந்ததோ வேறு.

அது 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' பக்கத்து வீட்டுக்காரி கேரன் மெக்ளஸ்கி. 2005-லும் 2008-லும் எம்மி. சின்ன வேடமாக வந்து, போகப் போக தொடரின் நிரந்தர ஆளாகிவிட்டார். இறந்துபோன புருஷனின் உடலை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு அவர் பென்ஷனை வாங்கித் தின்கிறாளே அந்தக் கிழவி, எனக்கு ஒரே சிரிப்பு. நம் ஊரில் அது நடக்காது. வருடா வருடம் கருவூலத்துக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

2009-ல் நோய் திரும்ப வந்தது. வைத்தியம் பார்த்துக்கொண்டே நடித்தார், நுரையீரல் புற்றுநோயைப் பற்றி ஊர் ஊராகப் பேசவும் செய்தார். தொடரின் கடைசிப் பகுதி 2012 மே 13 அன்று வந்தது. அதில் மெக்ளஸ்கி அதே புற்றுநோயில் சாகிறாள், பின்னால் பழைய இசைத்தட்டு ஓடுகிறது. ஜூன் 2 அன்று ஜூஸ்டனும் இறந்துவிட்டார், 72 வயது. அந்தக் கடைசி வருட நடிப்புக்காக எம்மி பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்தது, வாங்க ஆள் இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 42-ல் அவர் செய்தது என்ன? பிழைப்புக்கு ஒரு வேலை, அதற்கு மேலே ஊர் நாடகம். நீ ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். சனிக்கிழமை ஒத்திகைக்கு ரயிலேறிப் போகிறாயே, அதேதான். நீ ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அவருடைய 42-க்குப் போக மாட்டாய், 55-க்குத் தாவுகிறாய், நடுவில் இருக்கிற வருடங்களை விட்டுவிட்டு. 55-ல் அவருடைய பிள்ளைகள் ஆளாகியிருந்தார்கள். உன் மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. அவனுடைய இன்ஹேலரும் டாக்டர் செலவும் உன் வேலையில் வருகிற இன்ஷூரன்ஸில் ஓடுகிறது. அந்த ஊரில் நடிகர்கள் சங்கமும் இன்ஷூரன்ஸ் தருகிறது, ஆனால் வருடத்துக்கு இவ்வளவு நடித்துச் சம்பாதித்தால்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். துக்கடா வேடக்காரர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கை எட்டமுடியாமல் தவிக்கிறார்கள். மாப்பிள்ளையின் கம்பெனியில் உங்கள் மூன்று பேரையும் சேர்க்க முடியுமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலில் விசாரி. முடியும் என்றால் என் பாதிப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தான் பெரிதாகத் திட்டம் எதுவும் போட்டு இந்த வழிக்கு வரவில்லை என்று அவரே ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. நீயோ எக்ஸெலில் திட்டம் போட்டு வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொல்கிறார்.

நடிக்காதே என்று நான் சொல்லவில்லை. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார், எனக்கு அந்த எண்ணமில்லை. ஆனால் உன் அலுவலகத்தை வீணான காலம் என்று பேசுகிறாயே, அது எனக்கு ஒப்பவில்லை. வீடு எரிந்தவர்களும் கார் மோதியவர்களும் நஷ்டஈடு கேட்டு நாளெல்லாம் உன்னிடம்தான் போனில் பேசுகிறார்கள். எப்படி அழுகிறார்கள், எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஜூஸ்டனுக்கு வார்டு கொடுத்ததை உனக்கு அந்த ஹெட்போன் கொடுக்கிறது.

அக்டோபர் நாடகத்தில் உனக்கு நாலே வசனம் என்று கேள்விப்பட்டேன். அந்த நாலையும் எழுதி அனுப்பு. யாரிடம் சொல்கிறாய், அதற்கு முன்னால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுது. பையனுக்கு வாங்கிய நேந்திரன் சிப்ஸ் ஜெயாவின் மகன் கையில் கொடுத்து விட்டிருக்கிறேன், 20-ஆம் தேதி வந்து சேருவான்.

அன்புடன்,
அம்மா
நாகர்கோவில்